சின்னத்தம்பியைப் பழக்கினவங்க

2019 பிப்ரவரியில் எங்க மடத்துக்குளம் பக்கம் கரும்பு போட்டவங்க யாரும் சரியாத் தூங்கலைங்க. சின்னத்தம்பி வந்திருந்தான். கோவை தடாகம் பக்கம் சுத்திக்கிட்டிருந்த கொம்பன். ஜனவரி 25ஆம் தேதி அவனைப் பிடிச்சு டாப்சிலிப் பக்கம் வரகளியாறு காட்டுல விட்டாங்க. ஒரு வாரம் ஆகறதுக்குள்ள இறங்கி, நடந்தே உடுமலை பக்கம் வந்துட்டான். கிருஷ்ணாபுரம், கண்ணாடிப்புத்தூர்னு கரும்புக்காட்டுக்குள்ளயே குடியிருந்தான். கடைசியில் பிப்ரவரி 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு லாரியில் ஏத்தினாங்க.

ஊரே பார்க்க வந்துச்சு. பாதிப் பேர் கண்ணுல தண்ணி. ஒரு ஆளைக்கூட அவன் தொடலையேன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா அதுக்கு முந்தின வாரம் "பிடிச்சுட்டுப் போங்க"ன்னு கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். அதை மறைச்சு எழுதக் கூடாது.

பிடிக்கிறவரைக்கும்தான் நாம பார்க்கிறோம். அதுக்கப்புறம் அவனைப் பழக்கினது யாரு? ஆனைமலையில் மலசர் மக்கள். கோழிகமுத்தி முகாமில் பெரும்பாலும் அவங்கதான் பாகனுங்க. இந்த வேலை அவங்க கைக்கு வந்ததுக்கு ஒரு வரலாறு இருக்கு.

வெள்ளைக்காரன் காலத்துல ஆனைமலைத் தேக்குக்கு பம்பாய் கப்பல் கட்டுற துறை வரைக்கும் கிராக்கி. வெட்டின மரத்தை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விடுவாங்க. டாப்சிலிப்னு பேர் வந்ததே அதனாலதான். அந்த மரத்தைச் சரிவு வரைக்கும் இழுத்துட்டு வர யானை வேணும். குழி வெட்டி யானை பிடிச்சாங்க. பிடிச்சதைப் பழக்க, காட்டையும் யானையையும் தெரிஞ்ச ஆள் வேணும். அப்படித்தான் காட்டு மக்கள் சர்க்கார் கூலிக்கு வந்தாங்க.

1972ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1977ல் யானையை அதோட முதல் அட்டவணையில் சேர்த்தாங்க. மரம் இழுக்கிற வேலையும் மெல்ல நின்னுபோச்சு. முகாம் யானைக்கு வேற வேலை வந்தது. நம்ம வெள்ளாமைக்குள்ள வர்ற காட்டு யானையை விரட்டறதும் பிடிக்கிறதும்தான் அது. அந்த யானைதான் கும்கி.

சில வருசம் முன்னாடி டாப்சிலிப் போனப்ப வயசான ஒரு பாகன்கிட்டப் பேச்சுக் கொடுத்தேன். "ஏனுங்கண்ணா, எப்படிப் பழகினீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "எனக்கு யாரும் சொல்லித் தரலைங்க. நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பன் பின்னாடியே போனேன்" என்றார்.

சின்ன வயசுல தழை வெட்டப் போறது. ராத்திரி முகாம் யானையைச் சங்கிலியோட காட்டுல மேய விடுவாங்க. விடியக்காலை அந்தச் சங்கிலித் தடம் பார்த்துத் தேடிப் போறது. ஆத்துல தேச்சுக் குளிப்பாட்டுறது. அப்புறம் காவடி, அதாவது பாகனுக்கு உதவியாள். அதுல பல வருசம். மேல ஏறி உட்கார்ந்து, காதுக்குப் பின்னால கால் விரலால அழுத்துற அழுத்தத்துலயே யானைக்குச் சேதி சொல்ற நாள் வர்றதுக்குள்ள பாதி வயசு போயிரும்.

புதுசாப் பிடிச்ச யானையைக் கரால்னு சொல்ற மரக்கூண்டுல அடைப்பாங்க. முதல்ல யாரையும் கிட்ட விடாது, முட்டும். பாகன் தினமும் வெளியே நின்னு பேசிக்கிட்டே இருப்பார். கரும்பு, வெல்லம், களி உருண்டை கொடுப்பார். நீளக் குச்சியால மெல்லத் தொடுவார். குச்சி போய்க் கை தொடுறதுக்கு வாரக்கணக்காகும், மாசக்கணக்கும் ஆகும். சின்னத்தம்பி கூண்டை விட்டு வெளியே வர நாலு மாசம் போல ஆச்சு.

எங்க அப்பாரு மாடு பழக்கினதும் கிட்டத்தட்ட இப்படித்தான். பழகின கிழட்டுக் காளையோட புதுக் கன்னை நுகத்தடியில் பூட்டி, வெறும் கட்டையை இழுக்க விடுவாரு. கிழடு நடந்தா கன்னும் நடக்கும். சின்னத்தம்பியை லாரியில் ஏத்தக் கூட நின்ன கலீமும் அப்படி ஒரு மூத்த காளைதான். 1972ல் சத்தியமங்கலம் காட்டுல குட்டியாப் பிடிபட்டவன். 99 தடவை யானை பிடிக்கவும் விரட்டவும் போய்ட்டு, 2023 மார்ச்சில் 60 வயசுல பணி ஓய்வு. வனத்துறை அணிவகுத்து மரியாதை செஞ்சு அனுப்புச்சு.

ஒரே ஒரு வித்தியாசம். எங்க கன்னு தொழுவத்துலயே பிறந்தது. அவன் பிறந்தது காடு. அடைச்சு வெச்ச ஆளும், சோறு ஊட்டி நம்ப வைக்கிற ஆளும் ஒருத்தரே. அது பாரமா இல்லையான்னு அந்தப் பாகன்கிட்டக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உங்க தோட்டத்துக்கு வந்தா நீங்கதானுங்க எங்களைக் கூப்பிடுறீங்க" என்றார். என்கிட்ட பதில் இல்லை.

மதம் பிடிச்ச யானை பாகனையே கொன்னதும் முகாம்கள்ல நடந்திருக்கு. அவரோட பையனும் இப்ப காவடி.

சின்னத்தம்பியும் இப்ப கும்கி. காட்டிலிருந்து இறங்கி வர்ற இன்னொரு யானையை அவனே திருப்பி அனுப்புறான். நான் இன்னமும் கரும்புதான் போடுறேன்.

நீங்க டாப்சிலிப் போனா யானையோட படம் எடுப்பீங்க. பக்கத்துல நிக்கிற மனுசர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.