நிதி மசோதாவில் ஏறிவந்த தீர்ப்பாயங்கள்: அரியலூரிலிருந்து ஒரு பார்வை

அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றுக்குத் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும் விவசாயி, சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குத்தான் போயாக வேண்டும். பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். ஆகவே வழக்கில் எதிர்த்தரப்பும் மத்திய அரசே. இத்தீர்ப்பாயத்தை நிறுவிய 2010ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. உறுப்பினர் பதவிக்காலம் ஐந்தாண்டு என்று சட்டத்திலேயே வரையறுத்தது. அதை மாற்றும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்ததோ, வரிகளுக்கென வந்த 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம். அதன்கீழ் அரசு வகுத்த விதிகளில் ஐந்தாண்டு மூன்றாண்டாயிற்று. வழக்காடும் தரப்பே நடுவரின் பதவிக்காலத்தை வகுப்பது சிறு திருத்தமன்று.

அந்த ஒரே சட்டம் 19 தீர்ப்பாயங்களின் நியமன விதிகளை அரசிடம் ஒப்படைத்தது. பெரம்பலூர் கேபிள்காரருக்கும் சேனல் நிறுவனத்துக்கும் தகராறு வந்தால் தீர்க்க வேண்டிய டெல்லி தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தின் தலையில் சைபர் மேல்முறையீட்டையும் விமான நிலையக் கட்டண வழக்குகளையும் கட்டியது. இவை பிப்ரவரி 1இல் தாக்கலான மசோதாவில் இல்லை. மார்ச் மாதம் அரசுத் திருத்தங்களாக நுழைந்தன. திருத்தம் மசோதாவின் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்கிறது மக்களவை விதி 80; அதை ஒரு தீர்மானத்தால் நிறுத்திவைத்துவிடலாம் என்பது வேறு கதை. பண மசோதா என்று சபாநாயகர் சான்றளித்ததால், மாநிலங்களவைக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே மிஞ்சியது. மார்ச் 29இல் அது ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது; மறுநாளே மக்களவை ஐந்தையும் தள்ளியது.

தொடர்பற்ற திருத்தத்தை வேறொரு மசோதாவில் ஒட்டும் வழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. 2004இல் சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் ஒளிபரப்பில் நேர்ந்த ஆபாசச் சர்ச்சைக்குப்பின், ஒளிபரப்பு ஒழுக்கமீறலுக்கான அபராதத்தைக் கூட்டும் திருத்தத்தைச் செனட் பாதுகாப்புத் துறை மசோதாவில் ஒட்டியது. இரு அவைப் பேச்சுவார்த்தையில் அது உதிர்ந்தது; 2006இல் தனிச் சட்டமாக வந்து அபராதத்தைப் பத்து மடங்காக்கியது. ஒட்டுத் திருத்தம் அங்கே இரண்டாம் அவையின் வாசலைக் கடந்தாக வேண்டும். இங்கே அந்த வாசலே அடைபடுகிறது. பொருந்தாதவற்றைச் சேர்ப்பதைவிடப் பெரிய கேடு இதுதான் என்பது என் வாதம்.

தீர்ப்பாய உறுப்பினரின் சம்பளம் தொகுப்பு நிதியிலிருந்து போகிறது, ஆகவே இது பண விவகாரமே என்பது அரசுத் தரப்பின் பதில். அரசியலமைப்பின் 110ஆம் பிரிவு, அதில் பட்டியலிட்ட பொருள்களை மட்டுமே கொண்ட மசோதாவையே பண மசோதா என்கிறது. சம்பளச் செலவு போதுமென்றால் காவல்துறைச் சட்டமும் பண மசோதாவாகிவிடும். சபாநாயகர் முடிவே இறுதியானது என்ற வாதத்தை 2019 நவம்பரில் ரோஜர் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளை ரத்து செய்து, பண மசோதாக் கேள்வியை ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. மாநிலங்களவை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அவையன்று என்ற மறுப்புக்குச் சற்று வலுவுண்டு. ஆயினும் பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தே தமிழகத்தின் மாநிலங்களவை உறுப்பினர்கள் தேர்வாகின்றனர். 1986இல் மேலவையை ஒழித்த தமிழகத்துக்கு இரண்டாம் அவை என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

தனி மசோதாவாகக் கொண்டுவந்தால் காரியம் நடக்காது என்ற அச்சமும் பொய்த்தது. 2021 ஆகஸ்டில் தீர்ப்பாயச் சீர்திருத்த மசோதா தனியாகவே வந்து இரு அவைகளிலும் நிறைவேறியது. அதைத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பக் கோரிய தீர்மானம் மாநிலங்களவையில் தோற்றது. ஆனால் கோரவும் வாக்கெடுக்கவும் இடமிருந்தது. 2017இல் அந்த இடம் மறுக்கப்பட்டதற்கு நியாயமான காரணம் எதுவும் இருந்ததில்லை.