ஆக்கர்மன் இதழின் மாதர் ஆடைச் சித்திரங்கள்

ஜெர்மனியில் பிறந்து, லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் சித்திர வியாபாரம் நடத்திய ருடால்ஃப் ஆக்கர்மன், 1809-இல் தொடங்கிய ‘ரெபாசிட்டரி ஆஃப் ஆர்ட்ஸ்’ என்னும் மாத இதழில் வெளியிட்ட, அச்சிட்டபின் கையால் வர்ணம் தீட்டப்பெற்ற இச்சித்திரங்கள், மார்புக்குச் சற்றுக் கீழேயே இடை அமைந்து பாதம்வரை நேராக வீழும் மஸ்லின் அங்கிகளின் சௌந்தரியத்தை இன்றும் கண்முன் நிறுத்துவன. இதழ்களில் மெய்யான துணித்துண்டுகளும் ஒட்டப்பெற்றிருந்தமையால், நெசவின் நயத்தை நேரிலேயே அறியலாம். சித்திரம் மட்டும் அளிக்க இயலாத பாக்கியம் இது. ஆயினும், அவ்வுடையை மீண்டும் தைத்து அணிய விழைவோர்க்கு வேண்டிய முதுகுப்புறத் தையலையும், கை பொருத்திய விதத்தையும், உள்ளே அணிந்த கச்சையையும் இவை பெரும்பாலும் காட்டுவதில்லை. அக்குறையைப் பெரிதும் நீக்கியவர், எஞ்சிய பழைய ஆடைகளை நுணுகி அளந்து, ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ நூல்வரிசையில் எட்டில் ஒரு பங்கு அளவில் வெட்டுமாதிரிகளாக வரைந்தளித்த ஜேனட் ஆர்னால்ட் அம்மையார்.