வாசலில் கட்டப்பட்ட நாயும் அண்டை வீட்டார் கடமையும்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள நசரத்பேட்டையில் நாம் வசித்து வருகின்றோம். வயல்கள் மனைகளாகிவிட்ட பின்னரும் மார்கழிப் பனியும் வாடைக்காற்றும் இப்பகுதியை விட்டு நீங்கவில்லை. சென்ற மார்கழியில் நம் தெருவில் ஒரு வீட்டார் காவலுக்கென நாயொன்றைக் கொணர்ந்து, வெளிவாசல் ஓரமாகக் குறுகிய சங்கிலியில் கட்டிவைத்தனர். அதற்குக் கூரை ஏதும் இல்லை. இஷாவுக்குப் பின் தொடங்கும் குரைப்பு ஃபஜ்ரு பாங்கு வரை ஓயாது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் முதியோரும் உறக்கமிழந்தனர். ஒருநாள் தொழுகை முடிந்து வெளிவருகையில் ஜமாஅத்தார் ஒருவர் நம்மை அணுகி, "ஹஜ்ரத், நஜீஸான பிராணிதானே, கறித்துண்டில் மருந்து வைத்துவிட்டால் குற்றமாகுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆகும்" என்ற ஒரே சொல்லில் விடை பகர்ந்துவிட்டோம். ஆயினும் அக்கேள்விக்கு அடியில் கிடக்கும் எண்ணம் அவர் ஒருவருக்கே உரியதன்று. நாய் அசுத்தமானது, ஆகவே அதன்பால் நமக்குக் கடமை ஏதும் இல்லை என்ற கருத்து நம்மவர் பலரிடம் வேரூன்றியுள்ளது. நம் முன்னோர் வரலாறு இதற்கு இடந்தருகின்றதா என்பதைக் காண்போம்.

நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஒருமுறை மண்ணிட்டு, ஏழுமுறை கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மாலிக்கி மத்ஹபினரோ நாயைத் தூய பிராணியாகவே கருதுவர். வேட்டைக்கும் கால்நடைக்கும் வேளாண்மைக்கும் அன்றி நாய் வளர்ப்போரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என நபிமொழி எச்சரிக்கின்றது. வீட்டுக் காவலையும் இவற்றோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்தாகும். இவை யாவும் தூய்மை பற்றியும் வளர்ப்பதற்கான அனுமதி பற்றியும் எழுந்த சட்டங்கள். உயிருள்ள பிராணிக்கு மனிதன் செய்ய வேண்டிய கடமை ஃபிக்ஹு நூல்களில் தனியே பேசப்படுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதே நம்மவரின் பிழை.

மதீனாவில் ஒரு கட்டத்தில் நாய்களைக் கொல்லுமாறு ஆணையிடப்பட்டதும், பின்னர் அது தடுக்கப்பட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. முந்திய ஆணையை மட்டும் எடுத்துரைப்போர் பிந்தியதை மறந்துவிடுகின்றனர். ஹிஜ்ரி 478இல் (கி.பி. 1085) மறைந்த இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்), தீங்கிழைக்காத நாய் எந்நிறத்ததாயினும் அதனைக் கொல்லலாகாது என்பதிலேயே மார்க்கச் சட்டம் இறுதியாக நிலைபெற்றது என்றார். முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) இதனை எடுத்துரைக்கின்றார். கடித்துத் துன்புறுத்தும் நாயின் சட்டம் வேறு. குரைத்தல் கடித்தலாகாது.

ஹிஜ்ரி 8இல் மக்கா நோக்கிப் பெரும்படை சென்றபோது நிகழ்ந்த ஒன்றும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அல்அர்ஜ் என்னுமிடத்தைக் கடக்கையில், குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த பெண் நாயொன்று உறுமியதை அண்ணலார் (ஸல்) கண்டார்கள். படையினர் எவரும் அதற்கு இடையூறு செய்யாதவாறு, ஜுஐல் இப்னு ஸுராக்கா (ரலி) அவர்களை அதனருகே காவல் நிறுத்தினார்கள். இதனை வாகிதீ தம் போர்வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். ஹதீஸ் கலையினர் வாகிதீயை வலுவான அறிவிப்பாளராக ஏற்பதில்லை. எனினும் இந்நிகழ்ச்சியின் கருத்து, தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் முகந்து புகட்டியவர் மன்னிப்புப் பெற்றார் என்ற ஸஹீஹான நபிமொழியோடு முற்றும் பொருந்துகின்றது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதும் ஸஹீஹான நூல்களில் உள்ளது. அவ்வாயில்லாப் பிராணியைக் கட்டி வைத்தமையே அவளது பொறுப்பைக் கடுமையாக்கிற்று. நம் தெருவில் சங்கிலியில் நின்ற நாயின் நிலை இதற்கு எவ்வளவு தொலைவு?

குளிரைப் பற்றியும் நம்மிடம் ஒரு செய்தியுண்டு. ஹிஜ்ரி 334இல் (கி.பி. 946) மறைந்த சூஃபிப் பெரியார் ஷிப்லீ (ரஹ்) அவர்களை அவருடைய தோழர் ஒருவர் கனவிற் கண்டார். பக்தாத் தெருவில் பனிக்கு அஞ்சிச் சுவரோரம் ஒடுங்கிய பூனைக்குட்டியைத் தம் உரோம அங்கிக்குள் வைத்துக் காத்தமைக்காகவே தாம் மன்னிக்கப்பட்டதாக அக்கனவில் ஷிப்லீ கூறினாராம். இப்னு அஸாகிர் வழியாக, விலங்குகளைப் பற்றிப் பெருநூல் இயற்றிய தமீரீ இதனைத் தருகின்றார். கனவு சட்டத்துக்கு ஆதாரமாகாது என்பதை அறிவோம். எனினும் நம் முன்னோர் எதனைப் பெருஞ்செயலாக மதித்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

சட்டத்தைத் தேடுவோர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்களிடம் செல்லலாம். ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த அப்பெருந்தகை, மனிதர்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் பட்டியலிட்டார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போயினும் உணவளித்தல், தாங்கவியலாத சுமையை ஏற்றாமை, தங்குமிடத்தைச் செம்மையாக அமைத்தல் ஆகியன அவற்றுட் சில. தன் பிராணிக்குத் தீனியும் நீரும் தர மறுப்பவனைக் காழி கட்டாயப்படுத்த வேண்டும் என்பது இமாம் நவவீயின் 'மின்ஹாஜ்' கூறும் சட்டம்.

இந்திய நாட்டில் இத்தகைய கடமை சட்ட வடிவம் பெற்றதில் சென்னைக்குத் தனிப் பங்குண்டு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும் வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தல், எந்நேரமும் கட்டுண்டு கிடக்கும் நாயை நடமாட விடாமை, போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராமை ஆகிய மூன்றும் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றங்களே. அதே வேளை, பிறர் வளர்க்கும் நாய்க்கு நஞ்சிடுபவர் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை பெறக்கூடும்.

நாமோ அதுவரை நம் உறக்கத்தைப் பற்றியே முறையிட்டுக்கொண்டிருந்தோம். பனியில் நின்ற அவ்வுயிரைப் பற்றி அவ்வீட்டாரிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. ஏடுகளில் இவற்றையெல்லாம் ஓதிக்கொடுக்கும் நமக்கே இது தோன்றாமற் போனது வெட்கத்துக்குரியது. ஓர் அஸருக்குப் பின் இருவரை உடனழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றோம். குரைப்பைக் குறித்துத் தொடங்காமல் குளிரைக் குறித்துத் தொடங்கினோம். வீட்டுக்காரர் முதலில் முகஞ்சுளித்தார். பின்னர், "கட்டிப்போட்டால்தான் காவல் இருக்கும் என்று சொன்னார்கள், பாய்" என்றார். நஞ்சைப் பற்றிக் கேட்ட அதே அன்பர்தாம் தம் கடையிலிருந்து பழைய சாக்குகளைக் கொணர்ந்தார். மாடிப்படியின் அடியில் தகரம் சாய்த்து மறைவு அமைந்தது. சங்கிலி நீண்டது, காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்லவும் ஒப்புக்கொண்டனர். குரைப்பு முற்றும் நின்றுவிடவில்லை. ஆயினும் இரவெல்லாம் ஓலமிட்ட நிலை மாறிற்று.

குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் திருக்குர்ஆன், வாசலில் கால்களை நீட்டிக் கிடந்த அவர்களின் நாயையும் மறவாமல் குறிப்பிடுகின்றது. அவர்களின் எண்ணிக்கையைப் பேசும் இடத்திலும் நாயைச் சேர்த்தே பேசுகின்றது. அது கிடந்தது வாசலில்தான். ஆயினும் கணக்கில் விடுபடவில்லை. நம் வாசல்களில் கிடப்பனவும் நம் கணக்கில் விடுபடலாகாது. அல்லாஹ் நன்கறிந்தவன்.