முகத்துக் குழியும் நேர்வாள எண்ணெயும்

பத்தாவது படிக்கும்போது வந்த பரு காலேஜ் முடியறதுக்குள்ள போயிடுச்சு. குழி மட்டும் போகலை. ரெண்டு கன்னத்துலயும் ஊசியால குத்தின மாதிரி ஆழமா ஏழெட்டு. குரூப் போட்டோன்னா இன்னைக்கும் நான் பின்வரிசைதான் :-) ஒரு பார்லர்ல 'பீலிங்' பண்ணிக்கிட்டு, மூணு மாசம் கன்னம் கருத்துப்போய்த் திரிஞ்ச கதையும் உண்டு. அந்தக் கடுப்புலதான் இந்த ஆசிட் வைத்தியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்.

1882-லயே ஜெர்மனியின் ஹாம்பர்க்ல உன்னாங்கிற தோல் மருத்துவர், சாலிசிலிக் அமிலம், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் எல்லாம் தோலை என்ன பண்ணுதுன்னு எழுதி வச்சுட்டார். நியூயார்க் டாக்டர் மெக்கீ பருத்தழும்புக்குப் பீனால் தடவ ஆரம்பிச்சது 1903-ல. கட்டுரையா வெளியிட்டது 1952-ல! (மனுஷனுக்கு என்ன பொறுமை...)

அதுக்குள்ள டாக்டர் இல்லாதவங்க லாஸ் ஏஞ்சலிஸ்ல ரகசிய பார்முலா வச்சு முகம் உரிச்சுக் காசு பாத்துட்டாங்க. 1960-களின் தொடக்கத்துல பேக்கர், கார்டன்னு ரெண்டு டாக்டர்கள் தங்களோட பார்முலாவை வெளிப்படையா எழுதினாங்க. பீனால் 3 மில்லி, தண்ணி 2 மில்லி, திரவ சோப்பு 8 சொட்டு, குரோட்டன் எண்ணெய் 3 சொட்டு. குரோட்டன்னா வேற ஒண்ணுமில்லை மக்களே, நம்ம சித்த வைத்தியத்துல பேதிக்குக் கொடுக்கிற நேர்வாளம்தான்! வேலை செய்யறது பீனால்னுதான் ரொம்ப காலம் நம்பினாங்க. தோல் எவ்வளவு ஆழம் உரியணும்ங்கிறதுல அந்த எண்ணெய்க்குத்தான் பெரிய பங்குன்னு 2000-ல ஹெட்டர்ங்கிற சர்ஜன் காட்டினார்.

பீனால் ரத்தத்துல கலந்தா இதயத்துடிப்பே தடுமாறும். அதனால பகுதி பகுதியா, மானிட்டரைப் பாத்துக்கிட்டேதான் பூசுவாங்க. நம்ம நிறத்துக்கு இன்னொரு வம்பு, தோல் வெள்ளை வெளேர்னு நின்னுடலாம்.

2002-ல கொரியாக்காரங்க சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. முகம் முழுக்க எதுக்குப் பூசணும்? கூர்மையான குச்சியில டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் தொட்டுக் குழிக்குள்ள மட்டும் அழுத்து. அந்த இடம் வெளுக்கும், அப்புறம் பொருக்கு தட்டி உதிரும். அடியில புதுசா கொலாஜன் வளர்ந்து குழியை மேல தூக்கும். 65 பேருக்குச் செஞ்சாங்க. 100 சதவீத அமிலம் வச்ச 32 பேர்ல 30 பேருக்கு நல்ல பலன். சுத்தியுள்ள தோல்ல படாததால கருக்குற ஆபத்தும் கம்மி. ஆனா வீட்டுல முயற்சி பண்ணிடாதீங்க சாமி, கை தவறினா குழி பெருசாகும்.

போன மாசம் ஒரு தோல் டாக்டர்கிட்ட முதல் தடவை வச்சுக்கிட்டேன். சுருக்னு எரிஞ்சுது, அவ்வளவுதான். பொருக்கோட வீட்டுக்குப் போனா, "என்னடா, கொசு கடிச்சுதா?"ன்னு அம்மா கேட்டாங்க. அடுத்த தடவை வர்ற வெள்ளிக்கிழமை.