க.நா.சு. போட்ட பட்டியல்

நல்ல நாவல் எது என்று ஒரு வாசகர் வெளிப்படையாகச் சொன்னால் பகை வருமா? தமிழில் வந்தது. சொன்னவர் விமர்சகர் க.நா.சுப்ரமண்யம் (1912-1988).

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. தொடர்கதை எழுத்தாளர் கல்கியின் புகழ் உச்சத்தில் இருந்தது. விற்பனை வேறு, இலக்கியத் தரம் வேறு என்று பிரித்த க.நா.சு., பலரும் மறந்திருந்த பழைய நூல்களைத் தேடி எடுத்தார். 1879இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ ஆகியவை ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ என்ற அவரது நூலில் மறுவாசிப்புப் பெற்றன. ‘படித்திருக்கிறீர்களா?’ நூலும் இதே வேலையைச் செய்தது.

அளவுகோலை அவர் உலக இலக்கியத்திலிருந்தும் எடுத்தார். நட் ஹாம்சனின் நாவலை ‘நிலவளம்’ என்றும், லாகர்க்விஸ்டின் நாவலை ‘அன்பு வழி’ என்றும் தமிழாக்கினார்.

சிறந்த நூல்களின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுவார். இடம்பெறாதவர்கள் கொதித்தார்கள்.

காரணம் சொல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்கினால் விமர்சனமாகுமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, படைப்பை வரிவரியாக அலசும் முறையை முன்வைத்தார். மார்க்சியரான கைலாசபதி சமூகப் பார்வையிலிருந்து தாக்கினார். க.நா.சு.வோ ரசனையையே நம்பிப் பட்டியல் போடுவதைத் தொடர்ந்தார்.