கருப்பை மாற்று சிகிச்சை பிறந்த கதை

கேள்வி கேட்டது மருத்துவரல்ல, நோயாளி. 1998-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்தார் ஸ்வீடன் மருத்துவர் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம். கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த ஓர் இளம்பெண்ணிடம் கருப்பையை எடுத்தாக வேண்டும் என்றார். அம்மாவின் கருப்பையை எனக்குப் பொருத்த முடியாதா என்று அவள் கேட்டாள். கிறுக்குத்தனமாகத்தான் பட்டது அவருக்கு. ஆனாலும் கேள்வி அவரை விடவில்லை.

ஊர் திரும்பி எலியில் தொடங்கினார். செம்மறியாடு, பன்றி, பபூன் குரங்கு என்று பத்தாண்டுக்கு மேல் ஓடிற்று. இடையே 2000-ல் சவூதியில் ஒரு பெண்ணுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் அடைத்து, 99 நாளில் எடுத்துவிட்டார்கள்.

2012-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் பிரான்ஸ்ட்ரோம் குழு மனிதர்களிடம் வந்தது. கருப்பை பொருத்திய ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் கருப்பையே இல்லாமல் பிறந்தவர்கள். சுமார் 4,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. தாய் வயிற்றில் வளரும்போது, முல்லர் குழாய்கள் என்னும் இரண்டு குழல்கள் இணைந்து கருப்பையாக உருவாகும் வேலை நின்றுபோகிறது. சினைப்பை உண்டு, மார்பு வளரும், மாதவிலக்கு மட்டும் வராது. நம் ஊரில் ‘இருசி’ என்று ஒதுக்கிவைத்தவர்களில் இவர்களும் இருந்திருப்பார்கள். சினைமுட்டை இருப்பதால் பிள்ளைக்கு வழி உண்டு என்பதை யார் அவர்களிடம் சொன்னார்கள்?

கொடுப்பவரின் அறுவைக்கே பத்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. கருப்பையைவிட அதன் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சேதமின்றிப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஒருவருக்கு 61 வயதுக் குடும்பத் தோழி கொடுத்தார். மாதவிடாய் நின்றுபோன அந்தக் கருப்பை, 35 வயதுப் பெண்ணின் உடலில் 43-ம் நாள் மாதவிலக்கானது! ஓராண்டு கழித்து, ஆய்வகத்தில் உருவாக்கிய கருவை உள்ளே வைத்தார்கள். முதல் முயற்சியிலேயே தங்கியது. ரத்த அழுத்தம் ஏறியதால் 32-ம் வாரத்திலேயே சிசேரியன். 2014 செப்டம்பரில் பிறந்த ஆண் குழந்தையின் எடை 1,775 கிராம்.

இந்தக் கருப்பை வாழ்நாளுக்கானதல்ல. ஒன்றிரண்டு பிள்ளை பிறந்ததும் எடுத்துவிடுகிறார்கள். உடல் ஒதுக்காமலிருக்கத் தரும் மருந்தையும் நிறுத்திவிடலாம். 2018-ல் புணேயிலும் ஒரு குழந்தை பிறந்தது. தன்னைச் சுமந்த அதே கருப்பையில் மகள் தன் பிள்ளையைச் சுமந்தாள்.

கோதன்பர்க் தாய்க்குச் சிறுநீரகம் ஒன்றுதான். கருப்பை இல்லாதவர்களில் பலருக்கு இதுவும் சேர்ந்தே வரும். எனவே 15 வயதாகியும் பெண் வயதுக்கு வரவில்லையென்றால் கோயில் குளம் என்று அலையாமல் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.