தம்ப்ஸ்டிக் நீட்சி

சுடுதலையே பிரதானமாகக் கொண்ட வீடியோ விளையாட்டுகளை ஆடுவோர், கன்ட்ரோலரின் கட்டைவிரற் குச்சிகளின்மீது, விசேஷமாகக் குறிபார்க்கும் வலக்குச்சியின்மீது, பொருத்திக்கொள்ளும் ரப்பர்த் தலையுடைய சிறு உபகரணம். குச்சி உயர உயர, அதே கோணத்துக்கு விரல் கடக்கும் தூரமும் நீளுமாதலால், கையின் அற்ப நடுக்கம் திரையிலே பெரும் பிழையாக விரியாது குறி நுட்பமாக அமைகிறது என்பதே இதன் சூட்சுமம். சட்டெனத் திரும்புவதற்கு விரல் கூடுதலாக நகரவேண்டியிருப்பது இதன் தோஷம். குழிந்த தலை விரலைத் தாங்கும், குவிந்தது உருளவிடும். இவற்றுள் எது சிலாக்கியம் என்பது அவரவர் விரலின் சுபாவம்.

இரட்டைக் குச்சி வழக்கம் சோனியின் 1997-ஆம் ஆண்டுக் கன்ட்ரோலர்களாலும், சுடும் விளையாட்டுகளில் 2001-இல் வெளிவந்த 'ஹேலோ'வாலும் வேரூன்றியது. 2015-இல் மைக்ரோசாஃப்ட், கழற்றி மாற்றத்தக்க நெட்டைக் குச்சிகளைத் தன் எலைட் கன்ட்ரோலருடனேயே அளித்தது.

வெம்பக்கோட்டையை அடுத்த தாயில்பட்டி போன்ற பட்டாசுக் கிராமத்துச் சிறுவனுக்கோ, தீபாவளிப் பொட்டுவெடியைத் தட்டும் பொம்மைத் துப்பாக்கியே ஆதி ஆயுதம். கைப்பேசியில் சுடும் இந்நாளில், வியர்வையால் விரல் வழுக்காதிருக்க, மின்கடத்தும் வெள்ளியிழை கலந்து நெய்த விரலுறையே நம் நாட்டில் இந்நீட்சியின் ஸ்தானத்தை வகிக்கிறது.